பாய்சன் ஓக் அரிப்பு: எனக்குக் கைகொடுத்த வழி

கலிபோர்னியா மலைச்சரிவுகளில் மான் வேட்டைக்குப் போனால், பட்டாலே தோல் அரித்துக் கொப்புளிக்கும் பாய்சன் ஓக் செடியிலிருந்து தப்புவது கஷ்டம். மான்களே அதை மேயும். நம்மூர் சேங்கொட்டையின் குடும்பம்தான். மும்மூன்று இலைகளாக இருக்கும். இலை உதிர்ந்த குச்சியிலும் அரிப்பைக் கிளப்பும் உருஷியால் எண்ணெய் உண்டு.

முழுக்கைச் சட்டை போட்டும் எனக்குக் கழுத்தோரம் கோடு கோடாகக் கொப்புளம் வந்துகொண்டே இருந்தது. துப்பாக்கி வார் உரசுகிற அதே இடம். வாரையும் பூட்ஸ் கயிற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் நின்றது. அந்த எண்ணெய் பொருள்களில் மாதக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும்.

இப்போது வண்டிக்குத் திரும்பியதும் முதல் வேலை, பாத்திரம் கழுவும் சோப்பைத் துணியில் ஊற்றி, கிரீஸ் கறையை எடுப்பதுபோல் தோலைத் தேய்த்து, குளிர்ந்த தண்ணீரில் அலசுவது. சீக்கிரம் செய்ய வேண்டும். தாமதித்தால் எண்ணெய் தோலில் ஊறிவிடும். உடுப்பைத் தனியாகத் துவைக்கிறேன்.

அப்படியும் தடித்தால் ஈரத்துணி ஒத்தடம், அரிப்பைத் தணிக்கும் கலமைன் லோஷன், 1% ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு. கொப்புள நீரால் அரிப்பு பரவாது. முகமோ கண்ணோ வீங்கினால் உடனே டாக்டரிடம் போங்கள். அப்புறம், அந்தக் குச்சிகளைத் தீமூட்டப் பயன்படுத்தவே கூடாது. புகை நுரையீரலைப் புண்ணாக்கும்.