நியூ ஆர்லியன்ஸ் போ பாய்: மாட்டிறைச்சியும் இறாலும் ஒரே ரொட்டியில்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், நீள ரொட்டியைப் பிளந்து வயிறு நிறையும் அளவுக்கு உள்ளீடு வைத்துத் தரப்படும் சாண்ட்விச்சைப் போ பாய் என்று அழைக்கிறார்கள். 1929ஆம் ஆண்டு ஜூலையில் அந்நகரத்து டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, முன்பு தாங்களும் டிராமில் பணியாற்றியவர்களான பென்னி மார்ட்டின், கிளோவிஸ் மார்ட்டின் என்னும் சகோதரர்கள், தங்கள் உணவகத்துக்கு வந்த ஊழியர்களுக்கு விலையின்றி உணவளித்தார்கள் என்றும், அவர்களை "புவர் பாய்", அதாவது "ஏழைப் பையன்" என்று குறிப்பிட்டதிலிருந்தே இந்தப் பெயர் வந்தது என்றும் அந்நகரத்தார் சொல்கிறார்கள். அங்கு மாட்டிறைச்சிப் போ பாயும் பொரித்த இறால் போ பாயும் பெரும்பாலும் தனித்தனியாகவே விற்கப்படுகின்றன. இரண்டையும் ஒரே ரொட்டியில் சேர்ப்பதே இங்கு நாம் செய்யவிருப்பது. கிரேவியில் ஊறிய இறைச்சியின் மென்மையும் இறாலின் மொறுமொறுப்பும் ஒரே கடியில் கிடைக்க வேண்டுமென்பதால், எதை எப்போது செய்கிறோம் என்பதில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும்.

நான்கு பேருக்கு எலும்பில்லாத மாட்டிறைச்சி 1 கிலோ தேவைப்படும். சவ்வும் கொழுப்பும் ஓடியிருக்கும் தோள்பட்டைப் பகுதியைத் துண்டு போடாமல் ஒரே கட்டியாக வாங்குவது நல்லது. அந்தச் சவ்வுதான் நெடுநேரக் கொதியில் கரைந்து கிரேவிக்குப் பசைத்தன்மை தருகிறது என்பதால், கொழுப்பற்ற தொடைக்கறியை எடுத்தால் இறைச்சி நார்நாராக வறண்டுபோகும். கட்டியில் கத்தியால் ஆங்காங்கே குத்தி நான்கு பூண்டுப் பற்களைச் செருகி, உப்பும் மிளகுத்தூளும் தாராளமாகத் தடவி, 2 மேசைக்கரண்டி மைதாவை மேலே தூவ வேண்டும். அடிகனமான பாத்திரத்தில் எண்ணெயைச் சூடாக்கி, ஒவ்வொரு பக்கமும் ஆழ்ந்த பழுப்பு நிறம் வரும்வரை அவசரப்படாமல் வறுக்க வேண்டும். கிரேவியின் நிறமும் சுவையும் பெரும்பாலும் இந்தப் பதினைந்து நிமிடங்களில்தான் உருவாகின்றன.

இறைச்சியை வெளியே எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் ஒரு பெரிய வெங்காயம், பாதிக் குடைமிளகாய், ஒரு செலரித் தண்டு ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி வதக்க வேண்டும். இந்த மூன்றையும் லூசியானா சமையலில் மும்மூர்த்தி என்ற பொருளில் ஒரே பெயரிட்டு வழங்குகிறார்கள் என்றால், அவற்றுக்கு அங்குள்ள மதிப்பு விளங்கும். பிறகு இறைச்சியை மீண்டும் வைத்து, 3 கோப்பை எலும்புச்சாறோ வெந்நீரோ ஊற்றி, 2 மேசைக்கரண்டி வூஸ்டர் சாஸும் தைம் என்னும் மணமூலிகை சிறிதும் சேர்த்து, மூடியிட்டு 160 டிகிரி செல்சியஸ் ஓவனில் மூன்றரை மணி நேரம் வைக்கலாம். ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகவிட்டு, பிறகு திறந்து வைத்துச் சாற்றைச் சுண்டவிட வேண்டும். எருமை இறைச்சியாக இருந்தால் இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். முள்கரண்டியால் தொட்டதும் பிரிந்து வருவதே சரியான பதம். உதிர்ந்து கிரேவியில் கலந்துவிடும் இறைச்சித் துணுக்குகளை நியூ ஆர்லியன்ஸில் டெப்ரி என்கிறார்கள். எனக்கு இந்தச் சாண்ட்விச்சில் மிகவும் பிடித்தது அதுவே என்பதால், முழுக் கட்டியையும் பிய்த்து அப்படியே ஆக்கிவிடுவேன். இதை முதல் நாளே செய்து குளிரூட்டியில் வைத்தால், மேலே உறையும் கொழுப்பில் பாதியை நீக்கிவிடலாம், சுவையும் நன்றாக இறங்கியிருக்கும்.

இறாலை மட்டும் ரொட்டி தயாரான பிறகே பொரிக்க வேண்டும். நடுத்தர அளவு இறால் 400 கிராம் எடுத்து, ஓட்டையும் வாலையும் முதுகிலுள்ள கறுப்புக் குடலையும் நீக்கி, கெட்டி மோர் அரைக் கோப்பை, ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி மிளகாய்ச் சாஸ் ஆகியவற்றில் இருபது நிமிடம் ஊறவைக்கலாம். ஒரு கோப்பை மஞ்சள் மக்காச்சோள மாவு, அரைக் கோப்பை மைதா, உப்பு, மிளகு, மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கலந்து அதில் இறாலைப் புரட்ட வேண்டும். இங்கு மக்காச்சோள மாவு என்பது மக்காச்சோளத்தை அரைத்த மாவே தவிர, கடைகளில் கார்ன்ஃப்ளோர் என்று விற்கப்படும் வெள்ளைத் தூள் அன்று. 180 டிகிரி சூட்டில், ஒரு முறைக்கு எட்டோ பத்தோ இறால்களாக இரண்டு நிமிடம் பொரித்தால் போதும். மொத்தமாகப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி மாவு எண்ணெய் குடித்துவிடும்.

அந்நகரத்து ரொட்டிக்கு மேலோடு மெல்லியதாக, நொறுங்கும் தன்மையோடு இருக்கும். உட்பகுதி பஞ்சு போன்றது. அது கிடைக்காத இடங்களில், புதுச்சேரி அடுமனைகளில் விற்பது போன்ற பாகெட் என்னும் நீளமான பிரெஞ்சு ரொட்டியை வாங்கி, அதன் மேலோடு தடிமனாக இருப்பதால் உட்பகுதியைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துவிடலாம். இனிப்புப் பன் மட்டும் வேண்டாம். ஒருவருக்கு எட்டு அங்குலம் என்று வெட்டி, 180 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்க வேண்டும்.

பிளந்த ரொட்டியின் இரு பக்கங்களிலும் மயோனைஸைத் தடவினால், அதிலுள்ள கொழுப்பு, கிரேவி உடனடியாக ஊறிவிடாமல் தடுக்கும். அடியில் சூடான இறைச்சியும் கிரேவியும், அதன்மேல் இறால், அதற்கும் மேல் நீளவாக்கில் நறுக்கிய லெட்யூஸ், தக்காளி வில்லைகள், ஊறுகாயாக்கிய வெள்ளரித் துண்டுகள் என்ற வரிசையில் அடுக்கினால், இறால் கிரேவியில் மூழ்காமல் மொறுமொறுப்பாகவே இருக்கும். தாளில் சுற்றி வைத்தால் ஆவியில் இறால் நமத்துவிடும் என்பதால், குறுக்கே வெட்டி உடனே பரிமாற வேண்டும். கிரேவி மணிக்கட்டு வரை வழியும், கைதுடைக்கும் தாள்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மிஞ்சிய கிரேவியை மறுநாள் பொரித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றி ரொட்டிக்குள் வைக்கலாம். நியூ ஆர்லியன்ஸில் அதுவும் ஒரு போ பாய்தான்.