ஒரு ஏ4 பேப்பரை மடிச்சு, கருவுல மூளை எப்படி உருவாகுதுன்னு பார்க்கலாம் வாங்க

எம்ப்ரியாலஜி (கரு வளர்ச்சிப் பாடம்) படிக்கிறவங்க பாதிப்பேர் தடுமாறுறது நியூரல் ட்யூப், அதாவது மூளையும் தண்டுவடமும் ஆகப்போற குழாய், அந்தப் பாடத்துலதான். புக்ல பூரா குறுக்குவெட்டுப் படமா இருக்கும், எது எங்க மடங்குதுன்னே தெரியாது. அதனால ஒரு பேப்பர், நீலம் சிவப்புன்னு ரெண்டு ஸ்கெட்ச் பேனா, கொஞ்சம் செலோடேப் எடுத்துக்கோங்க. கீழ சொல்ற நாள் கணக்கெல்லாம் கரு உண்டான நாள்லேர்ந்து. கடைசி பீரியட்ஸ் தேதியிலேர்ந்து எண்ணினா ரெண்டு வாரம் உதைக்கும்.

படி 1: கலர் அடிங்க

மூணாவது வாரம் கரு மூணு அடுக்கா இருக்கும், அதுல மேல் அடுக்கு எக்டோடெர்ம், அதுதான் உங்க பேப்பர். நடுவுல நீளவாக்குல அகலமா நீலப்பட்டை போடுங்க, அது நியூரல் ப்ளேட். பட்டையோட ரெண்டு ஓரத்துலயும் சிவப்புக்கோடு, அது நியூரல் க்ரெஸ்ட். மிச்ச வெள்ளை எல்லாம் பின்னாடி தோலாகப் போறது.

ஒரே அடுக்குல நடுவுல இருக்கிற செல் மட்டும் ஏன் நரம்பாகுது? பிஎம்பி-ன்னு ஒரு சிக்னல் புரதம் "தோலாகு"ன்னு சொல்லிட்டே இருக்கும், கீழ தண்டு மாதிரி இருக்கிற நோட்டோகார்டும் அது உருவாகுற பகுதியும் நாகின், கார்டின்னு புரதங்களை விட்டு அந்த பிஎம்பியைத் தடுத்துடும், தடுத்த இடம் நரம்புப் பாதைக்குப் போயிடும். இப்படி ஒரு திசு பக்கத்துத் திசுவோட தலைவிதியை மாத்தும்னு 1924ல நியூட்டுங்கிற (பல்லி மாதிரி இருக்கிற நீர்நில உயிரி) கருவுல காட்டினவங்க ஹான்ஸ் ஸ்பீமானும் ஹில்டே மாங்கோல்டும். 1935ல நோபல் ஸ்பீமானுக்கு மட்டும்தான், ஹில்டே 1924லயே தீ விபத்துல இறந்துட்டாங்க.

படி 2: மடிங்க (இங்க அவசரப்படாதீங்க)

ரெண்டு சிவப்புக்கோடும் ஒண்ணை ஒண்ணு தொடுற மாதிரி மேல தூக்குங்க. நீலம் கீழ குழாயா தொங்கும், அதான் நியூரல் ட்யூப். முன்னாடி வெளிப்பக்கமா இருந்த நீலம் இப்ப குழாய்க்கு உள்பக்கம் போயிருக்கும், கவனிச்சீங்களா? நடுவுல இருக்கிற பொந்துதான் பிற்காலத்துல மூளையோட வென்ட்ரிகிள், அதாவது மூளைக்குள்ள திரவம் நிறைஞ்ச அறை.

டேப்பை ஓரத்துலேர்ந்து ஒட்டாதீங்க. நிஜத்துல மூடுறது 22ஆம் நாள் வாக்குல கழுத்துப் பக்கம் ஆரம்பிச்சு மேலயும் கீழயும் போகும். தலைப்பக்க ஓட்டை 25ஆம் நாள் வாக்குல மூடும், வால்பக்கம் 27, 28ல. தலைப்பக்கம் மூடாம போனா அனென்செஃபலி (மூளையும் மண்டையோடும் சரியா உருவாகாத குறை), வால்பக்கம் மூடாம போனா ஸ்பைனா பைஃபிடா (முதுகெலும்பு மூடாத குறை).

பீரியட்ஸ் தள்ளிப்போச்சேன்னு டெஸ்ட் எடுக்கிற நாள்லேர்ந்து ரெண்டே வாரத்துல இந்த வேலை முடிஞ்சிடும்கிறதை யோசிங்க. ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம், அதுவும் கரு உண்டாகுறதுக்கு முன்னாடியே தொடங்கணும்னு டாக்டர்கள் சொல்றது இதுக்குத்தான். ஏற்கனவே இப்படி ஒரு குழந்தை உருவானவங்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வுல, 1991ல, திரும்ப வர்ற ஆபத்து 72 சதவீதம் குறைஞ்சது.

படி 3: சிவப்பைப் பின்தொடருங்க

ட்யூப் மூடுற சமயத்துல க்ரெஸ்ட் செல்கள் கழண்டு உடம்பு பூரா கிளம்பிடும். உணர்ச்சி நரம்பு முடிச்சுகள், தோலுக்கு நிறம் கொடுக்கிற செல், முக எலும்புல பெரும்பங்கு, குடலோட நரம்பு வலை எல்லாம் இதுலேர்ந்துதான். குடலோட கடைசி வரைக்கும் இதுங்க போய்ச் சேரலைன்னா ஹிர்ஷ்ப்ரங் நோய், பிறந்த குழந்தைக்கு மலம் இறங்காது.

படி 4: தலைப்பக்கம் ஊதுது

நாலாவது வாரம் மூணு வீக்கம்: முன்மூளை, நடுமூளை, பின்மூளை. அஞ்சாவது வாரத்துல முன்மூளையும் பின்மூளையும் ரெண்டு ரெண்டா பிரிஞ்சு மொத்தம் அஞ்சு. கண்ணோட விழித்திரைகூட முன்மூளையிலேர்ந்து முளைச்சு வெளிய வர்றதுதான். ட்யூபோட மிச்ச நீளம் தண்டுவடம்.

படி 5: செல்கள் ஏறுது

இனிமே பேப்பர் உதவாது. நியூரான்கள் அந்தப் பொந்து ஓரமாப் பிறந்து, ரேடியல் க்ளியான்னு நீளமான செல்களைப் பிடிச்சிட்டு வெளிப்பக்கம் ஏறும். பெருமூளைப் புறணியில (பெருமூளையோட வெளி அடுக்கு) லேட்டா பிறந்தது முன்னாடி போய் உக்காந்ததைத் தாண்டி இன்னும் மேல போகும், அதனால ஆழத்துல இருக்கிறதுதான் மூத்தது. அப்புறம் இணைப்பு, வேண்டாத இணைப்பைக் கழிக்கிறது, நரம்பு மேல மயலின்னு கொழுப்பு உறை போடுறது. மயலின் வேலை பிறந்த பிறகும் நிக்காது, இருபது வயசு தாண்டியும் நடக்கும்.