அமெரிக்காவுல துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு துப்பாக்கி லாபி என்ன பண்ணுதுன்னு எப்படி கவனிக்கறது

அமெரிக்காவுல ஒரு ஸ்கூல்லயோ தியேட்டர்லயோ துப்பாக்கிச் சூடு நடந்தா நாலு நாள் எல்லா சேனல்லயும் அதுதான் ஓடும், அப்புறம் வேற நியூஸ் வந்துடும், நாமளும் "அங்க எத்தனை புள்ளைங்க செத்தாலும் ஒண்ணும் மாறாது, துப்பாக்கி வச்சிருக்கறவங்க சங்கமான என்ஆர்ஏ எல்லாரையும் காசு குடுத்து வாங்கிடுச்சு"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலைய பாக்கப் போயிடுவோம். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு கோவம் வருது. ஒண்ணும் மாறாதுங்கறது தப்பு, நிறைய மாறுது, ஆனா கேமரா எல்லாம் கிளம்பிப் போன பிறகு மாறுது, பல தடவை துப்பாக்கி இன்னும் ஈஸியா கிடைக்கற பக்கமா மாறுது. அதனால ஒரு வாரம் பாக்காம ஒரு வருஷம் பாக்கணும், அதை எப்படி பாக்கறதுன்னு தான் எழுதறேன்.

முதல்ல லாபின்னா, அதாவது சட்டம் போடறவங்களை தங்க பக்கம் இழுக்கற கூட்டம்னா, என்ஆர்ஏ மட்டும்னு நினைக்காதீங்க. என்ஆர்ஏ 1871ல குறி பாத்து சுடக் கத்துக்குடுக்கற சங்கமா ஆரம்பிச்சது, 1977ல சின்சினாட்டியில நடந்த வருடாந்தர கூட்டத்துல கடும்போக்கு ஆளுங்க தலைமையை கவுத்த பிறகு தான் முழுசா அரசியல் பக்கம் திரும்புச்சு. அது இல்லாம துப்பாக்கி கம்பெனிகளுக்குன்னே என்எஸ்எஸ்எஃப்னு ஒரு தொழில் சங்கம் இருக்கு, என்ஆர்ஏவே ரொம்ப விட்டுக்குடுக்குதுன்னு சண்டை போடற கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா இருக்கு. 2024ல ரொம்ப வருஷம் என்ஆர்ஏ தலைமையில இருந்த வெய்ன் லாபியர் பதவியை விட்டுப் போனாரு, சங்கத்துக் காசை சொந்தத்துக்கு செலவு பண்ணாருன்னு நியூயார்க் ஜூரியும் தீர்ப்பு குடுத்துச்சு. அதோட லாபி முடிஞ்சுதுன்னு எழுதினவங்க நிறைய பேர், ஆனா வாஷிங்டன்ல லாபியிங்குக்கு என்ஆர்ஏவை விட என்எஸ்எஸ்எஃப் அதிகமா செலவு பண்ண ஆரம்பிச்சு வருஷக்கணக்காச்சு. எந்த நியூஸ் படிச்சாலும் இது எந்த சங்கம்னு முதல்ல பாருங்க.

அடுத்தது தேதி. சம்பவம் நடந்த நாளை எழுதி வச்சுக்கிட்டு அதுக்குக் கீழ ஒவ்வொண்ணா சேத்துட்டே வாங்க. கனெக்டிகட் மாநிலத்து சாண்டி ஹூக் ஸ்கூல்ல நடந்ததை எடுத்துக்கங்க. 2012 டிசம்பர் 14, ஸ்கூலுக்குள்ள 20 குழந்தைங்க, 6 பெரியவங்க செத்தாங்க. என்ஆர்ஏ ஃபேஸ்புக் பேஜையே எடுத்துட்டாங்க, நாலு நாள் ஒரு வார்த்தை கிடையாது. 18ம் தேதி சின்னதா ஒரு அறிக்கை, 21ம் தேதி லாபியர் வந்து எல்லா ஸ்கூல்லயும் துப்பாக்கியோட போலீஸ் வேணும், வீடியோ கேமும் சினிமாவும் தான் காரணம்னு பேசிட்டு நிருபர்கள்கிட்ட ஒரு கேள்வி கூட வாங்காம போயிட்டாரு. பெரிய சம்பவம் ஆச்சுன்னா இந்த வரிசை கொஞ்சம் முன்ன பின்ன திரும்பத் திரும்ப வரும், முதல்ல மௌனம், அப்புறம் "இப்போ அரசியல் பேசற நேரமில்ல", அப்புறம் மனநலம், ஸ்கூல் பாதுகாப்புன்னு பேச்சு வேற பக்கம் போகும். 2022ல யுவால்டி ஸ்கூல்ல 19 குழந்தைங்களும் 2 டீச்சர்களும் செத்து மூணாவது நாளே அதே டெக்சாஸ்ல, ஹூஸ்டன்ல என்ஆர்ஏ மாநாடு ஆரம்பிச்சுச்சு, அங்கயும் இதே பேச்சு தான்.

அறிக்கையை படிக்கும்போது எதுக்கு ஓகே சொல்றாங்கன்னு மட்டும் பாக்காதீங்க, அதை யார் செய்யணும்னு சொல்றாங்கன்னும் பாருங்க, நான் முக்கியமா நினைக்கறது இதைத்தான். 2017 அக்டோபர் 1 லாஸ் வேகஸ் கச்சேரி சூட்டுல கொலைகாரன் பம்ப் ஸ்டாக்னு ஒரு பாகத்தை மாட்டி கிட்டத்தட்ட மெஷின் கன் வேகத்துல சுட்டான். நாலே நாள்ல என்ஆர்ஏ இதுக்கு கூடுதல் கட்டுப்பாடு வேணும்னு சொல்லிடுச்சு, எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. ஆனா அவங்க கேட்டது துப்பாக்கி விதிகளை கவனிக்கற ஏடிஎஃப்ங்கற அரசு ஏஜென்சி இதை மறுபடி பாக்கணும்னு, காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் போடணும்னு கேக்கல. ஏடிஎஃப் 2018ல தடை விதி போட்டுச்சு, 2024 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் 6க்கு 3ன்னு அதை தூக்கிடுச்சு, இருக்கற சட்டப்படி ஏஜென்சிக்கு அந்த அதிகாரம் இல்லன்னு. காங்கிரஸ் சட்டமாவே போட்டிருந்தா அந்தக் காரணம் சொல்லி தூக்கியிருக்க முடியாது.

இப்போ காசு. ஒரு வேட்பாளருக்கு பிஏசிங்கற தேர்தல் நிதிக் குழு ஒரு எலெக்‌ஷனுக்கு 5000 டாலருக்கு மேல நேரடியா குடுக்க முடியாது, அதனால அந்த லிஸ்ட்டை மட்டும் பாத்தா "இவ்ளோ தானா"ன்னு தோணும். வேட்பாளருக்கு ஆதரவா தனியா விளம்பரம் போடற செலவு தான் பெரிசு, 2016ல டிரம்புக்காக என்ஆர்ஏ பண்ணது 3 கோடி டாலருக்கும் மேல. ஓப்பன்சீக்ரெட்ஸ் சைட்ல சங்கத்து பேரைப் போட்டா ரெண்டும் தனித்தனியா வரும். லாபியிங் செலவு இந்த ரெண்டுலயும் சேராது, அதுக்கு நாடாளுமன்ற மேல்சபையான செனட்டோட சைட்ல மூணு மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட் போடணும், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 20ம் தேதி கடைசி நாள். அந்த ஃபார்மை ஒரு தடவை திறந்து பாருங்க, துப்பாக்கி விஷயத்துக்குன்னே எஃப்ஐஆர்னு மூணெழுத்து கோடு இருக்கும், அதுக்கு கீழ பில் நம்பர், எந்த சபையில பேசினாங்க, யார் யார் லாபியிஸ்ட் எல்லாம் இருக்கும். எந்த எம்பிய பாத்தாங்கன்னு இருக்காது, பில்லுக்கு ஆதரவா எதிர்ப்பான்னும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்ல, அதை அறிக்கையோட சேத்துப் பாத்து தான் புரிஞ்சுக்கணும்.

ஆனா காசு தான் எல்லாம்னு நினைச்சா முழுசா தப்பா புரிஞ்சுக்குவீங்க. 2012 ஜூலைல கொலராடோ அரோரா தியேட்டர்ல 12 பேர் செத்தாங்க, 2013 மார்ச்ல அந்த மாநிலம் துப்பாக்கி வாங்கறவங்க பின்னணியை சோதிக்கற பேக்ரவுண்ட் செக் சட்டமும் 15 குண்டுக்கு மேல பிடிக்கற மேகஸின் (துப்பாக்கியில குண்டு போடற பெட்டி) கூடாதுங்கற சட்டமும் போட்டுச்சு. செப்டம்பர்ல அந்த சட்டத்துக்கு ஓட்டு போட்ட மாநில செனட்டர் ரெண்டு பேரை பதவிக்காலம் முடியறதுக்கு முன்னாடியே நீக்கற ரீகால் ஓட்டுல மக்களே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இதுல அதிகமா செலவு பண்ணது அவங்களை காப்பாத்த நினைச்ச பக்கம்! ஜெயிச்சது ஆள் பலம், இந்த ஒரே விஷயத்துக்காக ஓட்டு போடற, போன் போடற, மீட்டிங்குக்கு வர்ற மெம்பர்ஸ். என்ஆர்ஏ ஒவ்வொரு அரசியல்வாதிக்கும் துப்பாக்கி உரிமைக்கு எவ்ளோ ஆதரவுன்னு ஏ முதல் எஃப் வரை கிரேடு போடறதுக்கு இருக்கற பயமும் இதனால தான்.

ஓட்டு எண்ணிக்கையையும் நிதானமா படிங்க. சாண்டி ஹூக்குக்கு நாலு மாசம் கழிச்சு, 2013 ஏப்ரல் 17, கன் ஷோவுலயும் ஆன்லைன்லயும் விக்கறதுக்கு பேக்ரவுண்ட் செக் வேணும்ங்கற மான்ச்சின், டூமிங்கற ரெண்டு செனட்டர்களோட திருத்தம் செனட்டுக்கு வந்துச்சு. ரெண்டு பேருமே என்ஆர்ஏகிட்ட ஏ கிரேடு வாங்கினவங்க, சர்வேல பத்துல ஒம்பது பேர் ஆதரவு, அரசாங்கம் துப்பாக்கி ரிஜிஸ்டர் வச்சா 15 வருஷம் வரை ஜெயில்னு உள்ளயே எழுதியிருந்துச்சு, அப்படியும் ரிஜிஸ்டர் வந்துடும்ங்கற பயத்தைக் கிளப்பினாங்க. 54க்கு 46. பாதிக்கு மேல ஆதரவு இருந்தும் 100 பேர் இருக்கற செனட்ல 60 வேணும்ங்கறதால தோத்துச்சு, குழந்தையைப் பறிகொடுத்த பெத்தவங்க மேல கேலரியில உக்காந்து பாத்துட்டு இருந்தாங்க. அந்த 46ல அப்போ செனட் டெமாக்ரட் தலைவரா இருந்த ஹாரி ரீட் பேரும் இருக்கும், அவர் எதிரி இல்ல, பின்னாடி மறுபடி கொண்டு வர்றதுக்கு விதிப்படி "நோ" போட வேண்டியிருந்துச்சு. நாலு டெமாக்ரட் நிஜமாவே எதிர்த்தாங்க, நாலு ரிபப்ளிகன் ஆதரிச்சாங்க. கட்சியை வச்சு அடிச்சு விடாம பேர் பேரா பாருங்க.

மாநிலங்களை விட்டுடாதீங்க, வேலை நிஜமா நடக்கறது அங்க தான். 2020ல வந்த ஒரு ஆய்வுல, ஒரு மாஸ் ஷூட்டிங் நடந்தா அந்த மாநிலத்துல துப்பாக்கி பில்கள் 15 சதவீதம் கூடுதுன்னும், ரிபப்ளிகன் கையில இருக்கற சட்டசபையில கட்டுப்பாட்டை தளர்த்தற சட்டங்கள் 75 சதவீதம் கூடுதுன்னும் இருந்துச்சு. மாறா 2018ல பார்க்லேண்டு ஸ்கூல்ல 17 பேர் செத்த பிறகு ரிபப்ளிகன் கையில இருந்த ஃப்ளோரிடாவே துப்பாக்கி வாங்கற வயசை 21 ஆக்குச்சு, ஸ்டூடன்ட்ஸ் தெருவுல இறங்கினதால. கவர்னர் கையெழுத்து போட்ட அன்னிக்கே என்ஆர்ஏ கேஸ் போட்டுடுச்சு. அதனால சட்டம் வந்ததும் நிறுத்திடாம கோர்ட்டையும் பாக்கணும், 2022 ஜூன் 23 செனட் 65க்கு 33ன்னு துப்பாக்கி கட்டுப்பாட்டைக் கூட்டற பில்லை பாஸ் பண்ண அதே நாள் சுப்ரீம் கோர்ட் ப்ரூயன் கேஸ்ல பொது இடத்துல துப்பாக்கி எடுத்துட்டுப் போறதைக் கட்டுப்படுத்தின நியூயார்க்கோட நூறு வருஷத்துக்கும் மேல பழைய சட்டத்தை ரத்து பண்ணிடுச்சு.

நீங்க அங்கயே இருக்கறவங்கன்னா உங்க மாநில சட்டசபை சைட்ல பில் அலர்ட் இருக்கான்னு பாத்து போட்டுக்கங்க, கமிட்டி ஹியரிங் அன்னிக்கு போய் உக்காருங்க, அந்த ரூம்ல எதிர்ப்பக்கம் ஆளுங்க தவறாம வந்திருப்பாங்க. வெளியில இருந்து பாக்கறவங்க போன் காலண்டர்ல தேதி போட்டு வைங்க. சம்பவம் மே மாசம் நடந்திருந்தா ஜூலை 20லயும் அக்டோபர் 20லயும் அந்த லாபியிங் ஃபார்மை திறந்து, முன்னாடி இல்லாத பில் நம்பர் எது புதுசா வந்திருக்குன்னு பாத்து, அந்த பில் இப்போ எந்த கமிட்டியில கிடக்குதுன்னு காங்கிரஸ் டாட் கவ் சைட்ல தேடுங்க.