ஜனவரியில் டிரெய்லர் இழுத்துக்கொண்டு டொராண்டோவிலிருந்து ஃப்ளோரிடா வரை

தெற்கு ஜார்ஜியாவை எட்டும் வரை பின்னால் வரும் கேம்பிங் டிரெய்லரைச் சரக்காகவே நினைக்க வேண்டும். அதன் குழாய்களில் தண்ணீர் இருக்காது, கழிப்பறை இயங்காது, இரவில் அதில் படுக்கவும் கூடாது. முதல் மூன்று இரவுகளும் மோட்டல்தான். இதை ஒப்புக்கொண்டவர்களுக்கு வேலை பாதியாகக் குறையும். ஒப்புக்கொள்ளாதவர்கள் ஒஹையோவில் உறைந்த குழாயோடு விடிய விடிய மல்லுக்கட்ட நேரிடும்.

எந்த வழி

டொராண்டோவிலிருந்து டாம்பா சுமார் 2,200 கிலோமீட்டர். 401 நெடுஞ்சாலையில் வின்சர் வரை போய், அம்பாசடர் பாலத்தில் டெட்ராய்ட்டுக்குள் இறங்கி, ஐ-75 என்ற அமெரிக்க நெடுஞ்சாலையைப் பிடித்தால் கடைசிவரை அதே சாலை. பஃபலோ வழியாகப் போய் ஐ-77-இல் இறங்குவதும் வரைபடத்தில் நன்றாகத்தான் தெரியும். ஆனால் பஃபலோவும் ஈரியும் ஏரிப் பனி கொட்டும் பட்டையில் இருக்கின்றன. உறையாத ஏரி நீரின் மேல் குளிர்காற்று கடக்கும்போது ஈரத்தை அள்ளி வந்து கரையில் கொட்டுவதால், ஒரே மணி நேரத்தில் சாலை மறைந்துவிடும். அதைத் தாண்டினாலும் மேற்கு வர்ஜீனியாவின் மலைகள் காத்திருக்கும். சார்னியா பக்கமுள்ள 402-உம் இதே ரகம்தான். 2010 டிசம்பரில் அந்தச் சாலையில் நூற்றுக்கணக்கானோர் வண்டிக்குள்ளேயே சிக்கிக் கிடந்தார்கள். வின்சர்–டெட்ராய்ட் சுரங்கப்பாதையை மறந்துவிடுங்கள், டிரெய்லருக்குப் பாலம்தான்.

ஐ-75-இல் கவனம் வேண்டிய இடங்கள் மூன்று. கென்டக்கி–டென்னசி எல்லையில் உள்ள ஜெல்லிகோ மலை முதலாவது. பனிமழை அறிவிப்பு இருந்தால் மலைக்கு முன்பே கென்டக்கியின் லண்டனிலோ கார்பினிலோ ஒரு நாள் தங்கிவிடுங்கள். அடுத்தது டென்னசியின் ஹைவாசி ஆற்றுப் பக்கத்து மூடுபனி. 1990 டிசம்பர் 11 அன்று அங்கே 99 வண்டிகள் மோதிக்கொண்டு 12 பேர் இறந்தார்கள். மூன்றாவது அட்லாண்டா. தெற்கே பனி அள்ளும் வண்டிகள் குறைவு, ஓட்டுநர்களுக்கும் பழக்கமில்லை. 2014 ஜனவரி 28 அன்று சில அங்குலப் பனியே அந்நகரை முடக்கிப்போட்டது. காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் அட்லாண்டாவைக் கடக்கும்படி பாருங்கள். அடுத்து வரும் மேக்கன் நகரை ஐ-475 வழியாகச் சுற்றிப் போய்விடலாம்.

எத்தனை நாள்

டிரெய்லரோடு ஒரு நாளைக்கு 400 முதல் 500 கிலோமீட்டர் போதும். ஜனவரித் தொடக்கத்தில் டொராண்டோவில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். ஈரமாகத் தெரியும் சாலை கண்ணாடிப் பனியாக மாறுவதும் அந்த நேரத்தில்தான். டொலீடோ, லெக்சிங்டன், சட்டநூகா, டிஃப்டன், டாம்பா என்று ஐந்து நாள் கட்டங்கள் சரியாக அமையும். கூடவே இரண்டு உபரி நாட்களை ஒதுக்கிவையுங்கள். உபரி நாள் இல்லாத திட்டம்தான் புயலுக்குள் வண்டியை ஓட்ட வைக்கும். மோட்டல் பதிவுகள் முந்தைய நாள் வரை ரத்து செய்யக்கூடியவையாக இருக்கட்டும். வண்டி நீளத்தைச் சொல்லி, திரும்பாமல் நேரே வெளியேறும் நிறுத்தம் உண்டா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒஹையோவில் பனி அவசரநிலையை ஒவ்வொரு கவுன்ட்டியின் (மாவட்டத்தின்) ஷெரிஃபும் மூன்று நிலைகளாக அறிவிப்பார். மூன்றாம் நிலை என்றால் அவசர வேலை இல்லாதவர்கள் சாலையில் இருக்கவே கூடாது. கிளம்பும் முன் அதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

எடையும் டயரும்

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் குமிழின்) மேல் இறங்க வேண்டும். 2,700 கிலோ டிரெய்லருக்கு இது 270 முதல் 400 கிலோ. குறைந்தால் வால் ஆடத் தொடங்கும். பனியில் அந்த ஆட்டத்தை அடக்குவது கடினம். பின்பக்க அலமாரியில் டப்பாக்களை அடுக்குவதும், பின் பம்பரில் சைக்கிள் மாட்டுவதும்தான் வழக்கமான காரணங்கள். பந்தின் மேல் இறங்கும் எடையும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இழுக்கும் வண்டியின் நான்கு சக்கரங்களிலும் மலையும் பனிச்செதிலும் கொண்ட முத்திரை பதித்த விண்டர் டயர் வேண்டும். டிரெய்லர் டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டு வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால், பள்ளம் ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. டிரெய்லருக்கென்றே செய்யும் எஸ்.டி. வகை டயர்கள் பல மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்துக்கே உரியவை.

காற்றழுத்தத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 20 டிகிரி வெப்பமுள்ள கராஜில் 65 பி.எஸ்.ஐ. அடைத்த டயர், மைனஸ் 15-இல் 55-க்கு இறங்கிவிடும். அப்படியே ஓட்டினால் பக்கச் சுவர் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கும். குளிரில் 65-க்கு ஏற்றிய டயரை ஃப்ளோரிடாவில் அப்படியே விட்டால் எதிர்த் தவறு. ஆகவே தினமும் காலையில், வண்டியை எடுக்கும் முன் அளந்து ஏற்றவோ இறக்கவோ வேண்டும். சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 80 கிலோமீட்டரிலும் 160 கிலோமீட்டரிலும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் பாருங்கள்.

பிரேக், ஹிட்ச், விளக்கு

டிரெய்லர் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கும் கருவிதான் பிரேக் கண்ட்ரோலர். அதன் கெயின் அளவை, அதாவது பிரேக் எவ்வளவு வலுவாகப் பிடிக்கும் என்பதை, காய்ந்த தளத்தில், மணிக்கு 40 கிலோமீட்டரில் சரிசெய்வது வழக்கம். கைப்பிடியை அழுத்தும்போது டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்துவார்கள். பனியில் அதே அளவில் விட்டால் சக்கரம் பூட்டி, டிரெய்லர் பக்கவாட்டில் சறுக்கும். பனி தொடங்கியதும் ஆளில்லாத நிறுத்துமிடத்தில் மெதுவாக ஓட்டி மீண்டும் குறைத்துக்கொள்ளுங்கள். சாலை காய்ந்ததும் பழைய அளவுக்கு ஏற்ற மறக்கக் கூடாது.

ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வுப் பட்டை பொருத்தியிருந்தால் வழுக்குச் சாலையில் அதைத் தளர்த்திவிட வேண்டும். பிடிப்பில்லாத இடத்தில் அது ஸ்டியரிங்கோடு முரண்டு பிடிக்கும். பாதுகாப்புச் சங்கிலிகளை அடியில் குறுக்காக மாட்டுங்கள். வண்டியிலிருந்து டிரெய்லர் கழன்றால் பிரேக்கைப் பிடிக்கும் கம்பியின் ஊசியை ஒருமுறை இழுத்து, சக்கரம் நிற்கிறதா என்று சோதித்துவிடுங்கள். டிரெய்லருக்கு மின்சாரம் தரும் ஏழு முனை பிளக்கில் உப்பு நீர் புகுந்தால் விளக்கும் பிரேக்கும் விட்டுவிட்டு வேலை செய்யும். முனைகளில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவினால் தப்பிக்கலாம். எல்.இ.டி. விளக்குகள் சூடாவதில்லை என்பதால் அவற்றின் மேல் ஒட்டிய பனி உருகாது. நிற்கும் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். கூரைப் பனியைத் தள்ளாமல் கிளம்பினால், அது பலகையாகப் பெயர்ந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழும்.

வழுக்கும் சாலையில் குரூஸ் கண்ட்ரோல், டீசல் வண்டியின் எக்ஸாஸ்ட் பிரேக் (புகைப்போக்கை அடைத்து வேகம் குறைப்பது), சட்டெனக் கியர் இறக்குவது மூன்றும் ஆகாது. இழுக்கும் வண்டி மட்டும் வேகம் குறைய, டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, இரண்டும் மடக்குக்கத்தி போல மடங்கிவிடும். வால் ஆடினால் கால்பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, கண்ட்ரோலரின் கைப்பிடியால் டிரெய்லரை மட்டும் பிடியுங்கள்.

தண்ணீர், வாயு, பேட்டரி

வாட்டர் ஹீட்டரை வடித்து, அதற்குள் திரவம் போகாதபடி பைபாஸ் செய்த பிறகு, குழாய் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் 8 முதல் 11 லிட்டர் குழாய்களுக்குப் போதும். கழுவுதொட்டி, குளியல் வடிகால் ஒவ்வொன்றிலும் ஒரு கப் ஊற்றுங்கள். கழிப்பறையை அவசரத்துக்குப் பயன்படுத்தியே தீர வேண்டுமானால் ஃபிளஷ் செய்வதும் அதே திரவத்தால்தான்.

மோட்டலுக்குப் போக முடியாமல் ஓர் இரவு மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? 9 கிலோ புரொப்பேன் சிலிண்டர், 30,000 பி.டி.யூ. (வெப்ப அலகு) அறை ஹீட்டரை இடைவிடாமல் எரித்தால் 14 மணி நேரம் தாங்கும். பெரும்பாலும் முதலில் சாவது பேட்டரிதான், ஹீட்டரின் விசிறி அதைக் குடித்துவிடும். காலியான ஈய பேட்டரி கடுங்குளிரில் உறைந்து வெடிப்புவிடும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். ஓட்டும்போது சிலிண்டர் வால்வுகள் மூடியிருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் காலாவதி தேதியையும் பார்த்துவிடுங்கள்.

எல்லையில்

விறகும் ஆரஞ்சு வகைப் பழங்களும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது! ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். ஃப்ளோரிடாவில் 2005-இல் கண்டறியப்பட்ட நோய் அது, போகிற இடமே அங்கேதான். சாம்பாருக்குத் தாளிக்கக் கறிவேப்பிலை அங்கேயே தமிழ், இந்தியக் கடைகளில் கிடைக்கும்.

தெற்கே போனதும், திரும்பும்போதும்

இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேல் நின்ற பிறகு தண்ணீரைத் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு மறையும் வரை விடுங்கள். சூடு, குளிர் இரண்டையும் திறக்க வேண்டும். பைபாஸை மாற்றி வாட்டர் ஹீட்டர் தொட்டி நிரம்பிய பிறகே மின்சாரத்தைப் போடுங்கள். வெறுந்தொட்டியில் போட்டால் அதன் கம்பி நொடிகளில் கருகும்.

மார்ச்சில் திரும்பும்போது எல்லாம் தலைகீழ். ஜார்ஜியாவின் கடைசி இரவிலேயே குழாய்களில் மீண்டும் ஆன்டிஃப்ரீஸ் ஏற்றுங்கள். அதை டொராண்டோவிலேயே வாங்கி வைத்திருந்தால் ஃப்ளோரிடாவில் தேடி அலைய வேண்டாம். அங்கே நிரப்பிய கண்ணாடி கழுவும் நீர் கென்டக்கியில் உறையும், வடித்துவிட்டு மைனஸ் 40 திரவம் ஊற்றுங்கள். டீசல் வண்டி என்றால் தெற்கே போட்ட டீசல் வடக்கே கூழாகிவிடும். தொட்டியை இறங்கவிட்டு, ஒஹையோவில் குளிர்கால டீசலை நிரப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் பூஜ்ஜியத்துக்கு மேல் வரும் முதல் நாளில் அடிச்சட்டத்தையும் பிரேக் வயர்களையும் உப்புப் போக நீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.