ரெட்ரோ ரோடு பைக்குக்கு வீல் எடுக்கறது: கையால கோர்த்ததா, ஃபேக்டரி வீலா?

பழைய ஸ்டைல் ரோடு பைக், அதாவது மெல்லிசான ஸ்டீல் குழாய் ஃபிரேம், சாய்வில்லாம நேரா போற மேல்குழாய், கீழ வளைஞ்ச ஹேண்டில்பார், இந்த மாதிரி வண்டிக்கு வீல் மாத்தணும்னு வந்தவுடனே எல்லாரும் கேக்கறது ஹப், ரிம், கம்பின்னு தனித்தனியா எடுத்து கையால கோர்த்தது நல்லதா இல்ல பெட்டில வர்ற ஃபேக்டரி வீல் போதுமாங்கறதுதான். அதை மூணாவது கேள்வியா வச்சுக்கங்க. முதல்ல உங்க ஃபிரேம் எந்த வீலை உள்ள விடும்னு பாக்கணும், ரெண்டாவது அந்த வீல்ல நாளைக்கு ஒரு கம்பி போனா அதே கம்பி கிடைக்குமான்னு பாக்கணும். இந்த ரெண்டுக்கும் பதில் வந்துட்டா பாதிப் பேருக்கு மூணாவது கேள்வியே தேவைப்படாது.

சரி, ஸ்கேலை எடுங்க. பின் வீலைக் கழட்டிட்டு, ஆக்சில் உக்கார்ற ரெண்டு காதுக்கும் நடுவுல, உள்பக்கம் எவ்வளவு இடைவெளின்னு அளங்க. 120 மிமீ வந்தா அது 5 ஸ்பீடு (அதாவது பின்னாடி அஞ்சு பல்சக்கரம்) காலத்து ஃபிரேம், 126 வந்தா 6 இல்ல 7 ஸ்பீடு, 130 வந்தா 8 ஸ்பீடுல இருந்து வந்த எல்லா ரிம் பிரேக் ரோடு வீலும் உக்காரும். ரெட்ரோ லுக்ல இப்பப் புதுசா பண்ற வண்டியா இருந்தா பெரும்பாலும் 130, டிஸ்க் பிரேக்னா 135 இல்ல 142. முன்னாடி ரோடு வண்டில வழக்கமா 100 மிமீதான், அதுல தலைவலி கம்மி, ஆனா ரொம்பப் பழைய வண்டின்னா அதையும் ஒரு தடவை அளந்துடுங்க.

126 ஃபிரேம்ல 130 ஹப்பை, அதாவது கம்பிங்க எல்லாம் வந்து சேர்ற வீலோட நடுப்பகுதியை, போடணும்னா ஸ்டீலா இருந்தா பிரச்சனை இல்ல, ஒரு பக்கத்துக்கு 2 மிமீ தான், கையாலயே விரிச்சு உள்ள தள்ளிடலாம், ஒவ்வொரு தடவையும் அப்படி மல்லுக்கட்ட வேணாம்னா தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடுத்து நிரந்தரமா விரிச்சு, காது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கான்னு செட் பண்ணி வாங்கிக்கலாம். அலுமினியம், கார்பன் ஃபிரேமை மட்டும் தயவுசெஞ்சு விரிக்காதீங்க. 120ல இருந்து 130க்குத் தாவறதும் வேற கதை, அது 10 மிமீ, நல்ல கையா இருந்தா மட்டும் குடுங்க.

இங்கதான் கையால கோர்க்கறவர் முதல் பாயிண்ட் அடிக்கறார். புதுசா வர்ற ஃபேக்டரி வீல்ல 126க்குன்னு தேடினா கிடைக்கறது ரொம்பக் கஷ்டம். கோர்க்கறவர் கையில ஹப் இருந்தா ஸ்பேசரை மாத்தி, ஆக்சிலைச் சரி பண்ணி, ரிம் ஃபிரேமுக்கு நட்ட நடுவுல வர்ற மாதிரி டிஷ் பண்ணிக் குடுத்துடுவார். 126க்குள்ளயே 7 ஸ்பீடு ஹப்ல, 9 ஸ்பீடு கேசட்ல, அதாவது பின்னாடி சொருகற பல்சக்கரக் கொத்துல, இருந்து ஒரு சக்கரத்தை எடுத்துட்டு மீதி எட்டைப் போட்டு ஓட்டறவங்களும் இருக்காங்க, நல்லாவே ஓடும்.

அடுத்து ரிம் சைஸ், இதுல ஏமாறாத ஆளே கம்மி. டயர்ல எழுதியிருக்கற இன்ச்சை நம்பாதீங்க, பக்கத்துல இருக்கற மூணு இலக்க எண்ணைப் பாருங்க. 622ன்னா 700சி, இன்னைக்கு எல்லாம் இதுதான். 630ன்னா பழைய 27 இன்ச். 635ன்னா ராட் பிரேக் வச்ச பெரிய சைக்கிள்ல வர்ற 28 இன்ச் ஒன்றரை. இதுல கூத்து என்னன்னா 700சி டயர்லயும் 28 இன்ச்னு போட்டிருப்பாங்க, அதைப் பாத்து வாங்கினா ஒண்ணு ஏறவே ஏறாது, இல்லன்னா தொளதொளன்னு நிக்கும். 27 இன்ச் வண்டில 700சி வீல் போட்டா ரிம் 4 மிமீ கீழ போயிடும், பிரேக் கட்டை அந்த அளவுக்கு இறங்குமான்னு காலிப்பரோட, அதாவது கட்டையைப் பிடிச்சிருக்கற பிரேக் கையோட, ஸ்லாட்டைப் பாத்துக்கங்க, இறங்கலன்னா நீளமான கை இருக்கற, 47ல இருந்து 57 மிமீ வரைக்கும் எட்டற காலிப்பர் வேணும். அந்த மாத்தத்துல ஒரு லாபமும் இருக்கு, டயருக்கு மேல இடம் கூடும், 28 மிமீ அகல டயர், சில வண்டில 32 மிமீ வரைக்கும் போகலாம், ஆனா பின்னாடி கீழ்க்குழாய்க்கும் டயருக்கும் நடுவுல விரல் போற அளவு இடம் இருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கியர் பக்கம், உங்க பழைய வீல்ல பல்சக்கரம் முழுசா திருகி ஏத்தற ஃப்ரீவீலா, இல்ல ஹப்லயே சேர்ந்த ஃப்ரீஹப்ல கேசட் சொருகறதான்னு பாருங்க. சைக்கிள் பார்ட்ஸ் கம்பெனி ஷிமானோ 1978 வாக்குல ஃப்ரீஹப்பைக் கொண்டு வந்ததுக்குக் காரணம் சும்மா இல்ல. ஃப்ரீவீல் ஹப்ல வலது பக்க பேரிங் ரொம்ப உள்ள தள்ளி இருக்கும், ஆக்சில் முனை தாங்கறதுக்கு ஆளில்லாம நீட்டிக்கிட்டு நிக்கும், பல்சக்கரம் கூடக் கூட இந்த நீட்டம் கூடும், அதான் அந்த ஹப்ல ஆக்சில் வளையறதும் உடையறதும் வழக்கம். ரொம்ப ஒரிஜினலா வச்சுக்கணும்ங்கற ஆசை இல்லன்னா ஃப்ரீஹப்புக்கே போங்க. கேம்பக்னோலோ கம்பெனி பல்சக்கரம் ஷிமானோ ஃப்ரீஹப் பாடில ஏறாது, 11 ஸ்பீடு ரோடு பாடி பழசை விட 1.85 மிமீ நீளம், இதெல்லாம் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்கங்க.

இப்ப மூணாவது கேள்வி. ஃபேக்டரி வீல்னா ஒரே வகைன்னு நெனைக்காதீங்க, ரெண்டு இருக்கு, இந்த வித்தியாசத்தை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஒண்ணு கம்பெனி தானே டிசைன் பண்ணி, தன்னோட ரிம், தன்னோட ஹப், தன்னோட கம்பின்னு மொத்தமா விக்கற செட். மாவிக் கம்பெனி 1996ல ஹீலியம், 1999ல கிஸிரியம்னு செட் விட்டதுக்கு அப்புறம் இந்த வகைதான் ரேஸ் வண்டிகள்ல நிறைய வர ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி ஒரு ரேஸ்காரனுக்கு வீல்னா மெக்கானிக் ஹப்பையும் ரிம்மையும் தேர்ந்தெடுத்து கையால கோர்த்ததுதான். இன்னொண்ணு, சாதாரண ஹப், சாதாரண ரிம், 32 இல்ல 36 சாதாரண கம்பி, ஆனா மெஷின்ல கோர்த்தது. பாக்க கையால கோர்த்தது மாதிரியே இருக்கும்.

முதல் வகையை ரெட்ரோ வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன், எடை கம்மி, காத்தைக் கிழிக்கும், எல்லாம் சரிதான், ஒரே தரத்துல வரும்ங்கறதும் உண்மை. ஆனா 20 கம்பி, பெரிய எழுத்துல பேரு போட்ட கறுப்பு ரிம், அந்த மெல்லிய குழாய் ஃபிரேம்ல பட்டு வேட்டி கட்டிட்டு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும். அழகு கிடக்கட்டும். 20 கம்பில ஒண்ணு போனா வீல் அப்படியே கோணிக்கிட்டு பிரேக்லயோ ஃபிரேம்லயோ உரசி வண்டி நின்னுடும், 36ல ஒண்ணு போனா பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திட்டு மெதுவா வீடு வந்து சேரலாம். அந்தக் கம்பெனி அந்த மாடலை நிறுத்திட்டா அந்தத் தனி வடிவக் கம்பியும், ஃப்ரீஹப் பாடியும் தேடித் தேடிக் கால் தேயும். ரேஸ் ஓட்டறவரா இருந்து, ஃபிரேமும் 130ஆ இருந்து, எடைதான் முக்கியம்னா வாங்கிக்கங்க, கூடவே உதிரிக் கம்பி ஒரு அஞ்சாறு அன்னைக்கே வாங்கி வச்சிடுங்க. ஹுக் இல்லாத ரிம்மா, அதாவது டயரைப் பிடிச்சுக்கற கொக்கி விளிம்பு இல்லாததா, இருந்தா மட்டும் வேணவே வேணாம், அதுல காத்து 5 பாருக்கு மேல போடக் கூடாது, அதுக்குன்னு ஒத்துக்கிட்ட அகலமான டயர்தான் போடணும், ரெட்ரோ ஃபிரேம்ல அந்த இடம் இருக்காது.

ரெண்டாவது வகை இருக்கே, அதுதான் பலபேருக்கு சரியான தீர்வு. பார்ட்ஸ் எல்லாம் எங்கயும் கிடைக்கறது, விலையும் கம்மி, குறை என்னன்னா கடைசி அரை மணி நேர வேலையை மெஷின் செய்யாம விட்டிருக்கும். அதை ஒரு நல்ல வீல் மெக்கானிக்கிட்ட குடுத்து கம்பியோட டென்ஷன் (இழுவை) ஏத்தி வாங்கினா கையால கோர்த்ததுக்குப் பக்கத்துல வந்துடும்.

அந்த அரை மணி நேரத்துல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா யார்கிட்ட குடுக்கறதுன்னும் புரியும். கம்பி ஏன் உடையுது? இழுத்துக் கட்டினதால உடையுதுன்னு நெனைப்போம், நெஜத்துல பெரும்பாலும் லூசா இருக்கறதாலதான். வீல் சுத்தறப்ப கீழ வர்ற கம்பி ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் தளரும், மேல போனதும் திரும்ப இறுகும். டென்ஷன் போதுமான அளவு இருந்தா தளந்தாலும் முழுசா விட்டுப்போகாது. லூசா இருந்தா அது ஒவ்வொரு சுத்துலயும் ஆடி, ஹப்புக்குள்ள வளைஞ்சு நுழையற அந்த மூலையில உலோகம் களைச்சுப் போய் ஒரு நாள் டங்குன்னு விட்டுடும். அதனால செயின் பக்கக் கம்பில சுமார் 100ல இருந்து 120 கிலோ இழுவை வரைக்கும் ஏத்துவாங்க, உங்க ரிம்முக்கு அதைச் செஞ்ச கம்பெனி சொன்ன எல்லை என்னவோ அதைத் தாண்டாம. பின் வீல்ல இடது பக்கம் அதுல கிட்டத்தட்ட பாதிதான் வரும், அது தப்பு இல்ல, பல்சக்கரத்துக்கு இடம் விட்டு ஹப் ஒரு பக்கம் தள்ளி நிக்கறதோட விளைவு. முக்கியம் என்னன்னா ஒரே பக்கத்துக் கம்பிங்க எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கணும்.

மீட்டர் இல்லன்னாலும் காது இருக்கு. ஒரே பக்கத்துக் கம்பிகளை வரிசையா விரலால தட்டுங்க, சத்தம் ஒரே மாதிரி வந்தா சரி, ஒண்ணு டிங், அடுத்தது டொப்புன்னா ரிம் நேரா இருந்தாலும் அந்த வீல் நிக்காது. அடுத்தபடி, இணையா போற ரெண்டு ரெண்டு கம்பியா கையில சேர்த்துப் பிடிச்சு அழுத்தமா அமுக்குவாங்க, அப்பதான் வளைவு ஹப்ல ஒழுங்கா உக்காரும், உள்ள இருக்கற இறுக்கம் போகும். நிப்பிளை, அதாவது ரிம் பக்கம் கம்பியை இறுக்கற சின்ன நட்டை, திருகறப்ப கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கும், அதைக் கொஞ்சம் அதிகமாத் திருகித் திரும்ப விட்டு எடுக்கணும். மெஷின்ல வந்த மலிவு வீலை முதல் தடவை ஓட்டறப்ப டிக் டிக்குன்னு கேக்குதே, அது இந்த முறுக்கு அவுர்ற சத்தம்தான், அதுக்கப்புறம் வீல் கோணிடும்.

கோர்த்தே வாங்கறதுன்னு முடிவு பண்ணியாச்சுன்னா ஆர்டர் இப்படிக் குடுங்க. 32 ஓட்டை, மூணு கிராஸ் (ஒவ்வொரு கம்பியும் வேற மூணு கம்பியைக் குறுக்கே தாண்டிப் போறது), முன்னாடியும் பின்னாடியும். எடை கூடின ஆளு, இல்ல மூட்டை கட்டிட்டு டூர் போறவர்னா பின்னாடி 36. ரொம்ப ஒல்லி, ரோடு நல்லா இருக்கும்னா முன்னாடி 28 போதும். முன் வீல்ல கம்பியை கிராஸ் இல்லாம நேரா கோர்த்தா பாக்க ஸ்டைலா இருக்கும், ஆனா நிறைய ஹப் கம்பெனி அதுக்கு வாரண்டி தர்றதில்ல, பழைய ஹப்ல ஓரம் பிச்சுக்கிட்டு வந்துடலாம், டிஸ்க் வீல்ல பண்ணவே கூடாது. கம்பி நடுவுல மெலிஞ்ச பட்டட் வகை, முனை 2.0, நடு 1.8, மறு முனை 2.0 மிமீ. மெலிஞ்சது உடைஞ்சிடாதான்னு கேப்பாங்க, நடுப்பகுதி கொஞ்சம் இழுபடறதால மூலையில விழற அடி கொறையுது, அதனால இதுதான் அதிகம் உழைக்கும். டிடி சுவிஸ் காம்படிஷன், சேபிம் ரேஸ் ரெண்டும் இந்த வகை. பின்னாடி இடது பக்கத்துக்கு இன்னும் மெல்லிசு போடலாமான்னு கோர்க்கறவர் கேட்டா ஒத்துக்கங்க, விஷயம் தெரிஞ்ச ஆள். நிப்பிள் பித்தளை, பேச்சே இல்ல. அலுமினிய நிப்பிள்ல மிச்சமாகற சில கிராமுக்காக ஈரத்துலயும் உப்புக் காத்துலயும் அது அரிச்சு ரிம்லயே ஒட்டிக்கும்.

ரிம் ஆழம் கம்மியா, வெள்ளி நிறத்துல, பெட்டி வடிவத்துல இருக்கட்டும், எச் பிளஸ் சன் டிபி14 மாதிரி பாலிஷ் போட்டது இந்த வண்டிக்குன்னே செஞ்சாப்ல இருக்கும். உள் அகலம் 17 மிமீ பக்கம் இருந்தா 25, 28 டயருக்கு சௌகரியம், பழைய மாவிக் ஓபன் ப்ரோல அது 15தான். குரோம் பூசின ஸ்டீல் ரிம் இப்ப உங்க வண்டில இருந்தா அதை மட்டும் விட்டுத் தள்ளுங்க, மழையில பிரேக் பிடிச்சா பிடிக்கவே பிடிக்காது. ஹப்புக்கு ஷிமானோ கோன் பேரிங் எதுவா இருந்தாலும் கிரீஸ் மாத்தி மாத்தி ரொம்ப வருஷம் ஓட்டலாம், பளபளன்னு உயரமான ஃபிளேஞ்ச் (ஹப்ல கம்பி கோர்க்கற ஓட்டை இருக்கற வட்டத் தட்டு) வேணும்ங்கறவங்க வேற தேடட்டும், அதுல பலன்னு பெருசா எதுவும் இல்ல, கண்ணுக்குத்தான். உங்க பழைய ஹப்பையே வச்சு கோர்க்கறதா இருந்தா அதுல எத்தனை ஓட்டைன்னு எண்ணிட்டு அப்புறமா ரிம் வாங்குங்க, பழைய கம்பி பதிஞ்ச தடத்துலயே திரும்ப கோர்க்கச் சொல்லுங்க.

கோர்க்கறவரைத் தேர்ந்தெடுக்க ரெண்டே கேள்வி கேட்டா போதும்: செயின் பக்கம் எவ்வளவு டென்ஷன் வைப்பீங்க, கொஞ்ச நாள் ஓட்டினதுக்கு அப்புறம் கொண்டு வந்தா திரும்பப் பாத்துத் தருவீங்களா. முதல் கேள்விக்கு எண்ணா பதில் வரணும், "டைட்டா வைப்பேன்"னா வேற ஆளப் பாருங்க.

வீல் வந்து மாட்டினதும் பிரேக் கட்டை ரிம்லதான் படுதா, டயர்ல இல்லன்னு பாருங்க, ரிம் அகலம் மாறியிருக்கும், கேபிளைத் திரும்ப செட் பண்ணணும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர்ல ஒரு தடவை பெண்டு எடுக்கணும். அதுக்கப்புறம் அப்பப்ப ரிம்மோட பிரேக் படற இடத்துல ஸ்கேலை வச்சுப் பாருங்க, குழிஞ்சிருந்தா ரிம் தேஞ்சு போச்சு. அப்ப பழைய ரிம்மோட அதே இஆர்டி (கம்பி நீளத்தைத் தீர்மானிக்கற ரிம் விட்டம்) அளவுள்ள புது ரிம்மை பழசோட சேர்த்து டேப்பால ஒட்டி, வால்வு ஓட்டைக்கு நேர் வால்வு ஓட்டையா வச்சு, கம்பியை ஒவ்வொண்ணா புதுசுக்கு மாத்திட்டு வரலாம், ஹப்பும் கம்பியும் அப்படியே இருக்கும், நிப்பிள் மட்டும் புதுசு போட்டுக்கங்க.