மண்பானைத் தண்ணீர் குளிரவில்லையா? இதைப் பாருங்கள்

அக்னி நட்சத்திரம் தொடங்கினாலே பலரும் மண்பானை வாங்கிவிடுகிறோம். ஆனால் அதைச் சமையலறை மூலையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "தண்ணீர் குளிரவே இல்லையே" என்கிறோம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளே இருக்கும் சூடு வெளியேறும். அதற்குக் காற்று வேண்டும். வெயில் படாத, ஜன்னல் காற்று வருகிற இடத்தில், ஈர மணல் பரப்பி அதன்மேல் வையுங்கள். ஈரத்துணி சுற்றினால் இன்னும் நல்லது.

புதுப் பானை என்றால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சோப்பு போட்டுத் தேய்க்கவே வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நார் போதும். பெயின்ட் அடித்த பானை அழகாக இருக்கும், ஆனால் துளை அடைத்துப்போவதால் குளிராது. தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிக்கிற சாதாரணப் பானையையே வாங்குங்கள்.

கழுவிய வெட்டிவேரை வெள்ளைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் வாசனை தூக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைத்துவிட்டு மறுபடி போடலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னை மாதிரி கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால், மதுரை, திருச்சி அளவுக்குத் தண்ணீர் குளிராது. கடற்கரை ஊர்க்காரர்கள் ராத்திரியே நிரப்பி வைத்துவிடுங்கள்.

அப்புறம், வீடும் சூடாகாமல் இருக்க, பானைக்குக் காற்று வரும் ஜன்னல் தவிர மற்ற ஜன்னல்களை வெயில் ஏறும் முன்னே மூடித் திரை போட்டு, சாயங்காலம் வெளியே சூடு தணிந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.