பழைய ஜீப்பில் எது கம்பெனித் தகடு, எது பட்டறைத் தகடு?

ஏற்காட்டு எஸ்டேட்டில் ஓடிய வண்டி என்று சொல்லி ஒரு பழைய ஜீப்பைக் காட்டினால், புரோக்கர் முதலில் விரல் நீட்டுவது பானட்டில் உள்ள 'வில்லிஸ்' எழுத்தைத்தான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பாடித் தகடு கம்பெனியில் வந்ததா, பட்டறையில் மாற்றியதா என்பதுதான் கேள்வி. பானட்டை யார் வேண்டுமானாலும் கழற்றி வேறு வண்டியில் மாட்டிவிடலாம். மாட்ட முடியாதது அடிப்பக்கத்தில் இருக்கிறது, அதனால் வண்டியை ரேம்ப்பில் ஏற்றச் சொல்லுங்கள், முடியாது என்றால் பாய் விரித்துப் படுங்கள். ஒரு வார்த்தை, அடிப்பக்கம் புதுசாகக் கறுப்பு பெயிண்ட் அடித்து மினுமினுக்கிற வண்டி என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். சேறோடு இருப்பதே நல்லது, வாட்டர் வாஷ் அடித்தால் போச்சு.

முதல் வேலை, எந்த மாடல் என்று தெரிந்துகொள்வது. முன் கிரில்லில் ஒன்பது துவாரம் என்றால் இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி அல்லது ஃபோர்டு ஜிபிடபிள்யூ (மிக ஆரம்பத்து எம்பியில் துவாரம் கிடையாது, பட்டைக் கம்பிகளை வெல்டிங் வைத்த கிரில்). ஏழு துவாரம் என்றால் பெரும்பாலும் 1945 முதல் வந்த சிவிலியன் வண்டி. எம்பிக்குப் பின்கதவு கிடையாது, ஸ்டெப்னி பின்பக்கம் தொங்கும். ஆகவே ஒன்பது துவாரமும் இருந்து, திறந்து மூடும் பின்கதவும் இருந்தால் அது இரண்டு வண்டியை ஒட்டியது, அல்லது யாரோ பின்பக்கத்தை வெட்டியிருக்கிறார்கள். பானட் தூக்கலாக இருந்தால் 1953-இல் வந்த சிஜே-3பி என்ற சிவிலியன் மாடல். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வால்வு சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் எஃப்-ஹெட் இஞ்சின் உயரம் கூடியது, அதற்கு இடம் விட பானட்டையும் அதை ஒட்டிய முன்சுவரையும் ஏற்றினார்கள், அதனால்தான் அதன் முன்கண்ணாடி குட்டையாகத் தெரியும். அமெரிக்காவில் 1968-இல் அதை நிறுத்திய பிறகும் மஹிந்திரா இங்கே வெகுகாலம் தயாரித்தது. சேலத்தில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் இந்தச் சாதிதான். மஹிந்திரா பாடி ஒரிஜினல் இல்லை என்று மூக்கைச் சுளிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மஹிந்திரா வண்டிக்கு மஹிந்திரா தகடுதான் ஒரிஜினல்.

அடுத்து காந்தம். ஸ்பீக்கரில் இருந்து பிடுங்கிய பெரிய காந்தம் வேண்டாம், அது பட்டியையும் (பள்ளத்தை நிரப்பப் பூசும் பூச்சு) தாண்டித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற வலுவில்லாத காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்துங்கள். வழுக்கி விழும் இடத்தில் பட்டி இருக்கிறது. பட்டி இருப்பது குற்றமில்லை, அதற்கடியில் பழைய தகடு இருக்கலாம்.

இப்போதுதான் முக்கியமான இடம், நிறையப் பேர் தடுக்கி விழுவதும் இங்கேதான். தரைத்தகடும் பக்கத்தகடும் சேரும் மடிப்பை டூத் பிரஷ்ஷால் தேய்த்து டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங்: சட்டைப் பட்டன் பதிந்ததுபோல் சின்ன வட்டக் குழிகள், ஏறக்குறைய சம இடைவெளியில், மடிப்பு நெடுக வரிசையாக இருக்கும். பட்டறை வேலையில் குழி இருக்காது, புடைப்பு இருக்கும். கேஸ் வைத்துப் பித்தளையில் ஊதியிருந்தால், பெயிண்டைச் சுரண்டியதும் மஞ்சள் கோடு தெரியும். பாடியில் ஓரிடத்தில் குழி வரிசை ஓடி வந்து, சட்டென்று நின்று, புடைப்பு தொடங்கினால், அதுவரை பழையது, அதற்கப்புறம் டிங்கர் வேலை. இதைப் பார்க்க கிரைண்டர் போடாதீர்கள், தயவு செய்து. குழியையும் சேர்த்துத் தின்றுவிடும். பெயிண்ட் ரிமூவர் தடவிக் காத்திருங்கள், நாற்றமடிக்கும், பரவாயில்லை.

மலை வண்டிகளில் தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்தான் முதலில் போகும். சாரலும் சேறும் உள்ளே தங்கிவிடும், ஈரமான காப்பி மூட்டை மேலே வேறு. போர்க்கால வண்டியில் இந்தச் சட்டங்களுக்குள்ளேயே மரக்கட்டை செருகியிருப்பார்கள். அது தண்ணீரை உறிஞ்சி தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். ஆகவே அரித்துப்போன சட்டம் என்றால் முகம் சுளிக்காதீர்கள், அது பழையதற்கான சாட்சி. மற்றதெல்லாம் பழசாக இருக்க சட்டம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், யார் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

சரி, பெயிண்ட். டேஷ்போர்டுக்குப் பின்னால், பானட்டின் உள்பக்கம், டூல் பாக்ஸ் மூடிக்கு அடியில் என்று யாரும் மறுபடி அடிக்காத இடங்களாகப் பார்த்து, 400 நம்பர் எமரி பேப்பரைத் தண்ணீர் விட்டுக் காசளவு தேய்த்தால், ஒவ்வொரு நிறமும் வளையமாக வரும். ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்து வளையங்களை ஒப்பிடுங்கள். மற்றதில் பச்சை, சாம்பல், சிவப்பு என்று அடுக்கடுக்காக இருக்க, ஒரு மட்கார்டில் சிவப்பு மட்டும் இருந்தால் அது பிறகு வந்தது. எனக்கு இந்தச் சோதனை மேல்தான் அதிக நம்பிக்கை.

போர்க்கால வண்டி இடது கை ஸ்டீயரிங். இங்கே வலதுக்கு மாற்றியிருந்தால், இடது பக்கக் கால் பலகையில் பெடலும் ஸ்டீயரிங் தண்டும் போன ஓட்டைகளை அடைத்த ஒட்டுத் தகடு தெரிய வேண்டும். போர்க்கால வண்டி என்கிறார்கள், ஸ்டீயரிங் வலது பக்கம், ஆனால் ஒட்டே இல்லை என்றால் அந்த முன்பாடி வேறு எங்கிருந்தோ வந்தது.

'எஃப்' எழுத்துள்ள போல்ட் இருக்கிறது, அப்போ ஃபோர்டுதானே என்று கேட்டு நிறைய மெசேஜ் வந்தது. ஃபோர்டு தன் பாகங்களில் எஃப் குத்தியது உண்மை. ஆனால் போல்ட் வண்டிக்கு வண்டி மாறும், எஃப் போட்ட புது போல்ட்டும் விற்கிறது. முன்பக்கம் ரேடியேட்டருக்குக் கீழே சேஸின் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள்: உருளைக் குழாய் என்றால் வில்லிஸ், சதுரமாக மடித்த சானல் என்றால் ஃபோர்டு.

பின்னால் சேர்த்தது: தகட்டில் புடைத்த எழுத்தை நம்பலாமா என்றும் கேட்கிறார்கள். பின்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள். அச்சில் அழுத்தியது என்றால் எழுத்து மறுபுறம் தலைகீழாகக் குழிந்திருக்கும். குழிவு இருந்து, சுற்றிலும் செவ்வகமாக வெல்டிங் கோடு ஓடினால், உடைந்த வண்டியில் இருந்து எழுத்தை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, சேஸ் எண் பக்கம் எமரியோ ரிமூவரோ கொண்டு போகவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, ஆர்சி புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். அந்த இடம் தேய்ந்து பளபளத்தாலே பெயர் மாற்றும்போது ஆர்டிஓ ஆபீஸில் தகராறு.